வேற்றூர் வணிகனுக்கு உற்ற துணை

கடல் கடந்து பொருள் கொண்டு செல்லும் வணிகனுக்கு அச்சங்கள் இரண்டு. ஒன்று கடல், மற்றொன்று கரை. கடலின் அச்சத்தை நாகுதாவின் அனுபவமும் மாலுமிகளின் உழைப்பும் ஓரளவு போக்கிவிடும். கரையின் அச்சமோ அவ்வளவு எளிதில் போவதன்று. இறங்கிய ஊரின் மொழி தெரியாது, நிறையும் அளவும் வேறு, நாணயம் வேறு. சரக்கை வாங்குபவன் நாணயமுள்ளவன்தானா என்று அறிய வழியில்லை. ஏமாற்றப்பட்டால் எந்த வாசலில் போய் முறையிடுவது? அங்கேயே மௌத்தாகிவிட்டால் முதலை மனைவி மக்களிடம் கொண்டு சேர்ப்பவர் யார்? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்தாலன்றி அறிவுடைய எவனும் அந்நியச் சந்தையில் தன் முதலை இறக்கத் துணியான்.

இன்று இவ்விடைகளைக் கூறுவதற்கென்றே அரசாங்கங்கள் தனி நிறுவனங்களை நடத்துகின்றன. முதலீட்டாளரை வரவேற்று இடம் காட்டுவன சில. உரிமங்களைப் பெற்றுத் தருவன சில. நட்டத்திற்கு ஈடு வழங்குவன சில. இவை யாவும் நம் காலத்தில் மேனாட்டார் கண்டுபிடித்தவை என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அயலூர் வணிகனுக்குத் துணை நிற்கும் அமைப்புகளை வளர்த்ததில் முஸ்லிம் உலகுக்கும் நம் தமிழகக் கடற்கரைக்கும் பெரும்பங்கு உண்டு. அவ்வமைப்புகள் எவ்வாறு செயற்பட்டன, எங்கே வெற்றி கண்டன, எங்கே தடம் புரண்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மக்காவில் எழுந்த உறுதிமொழி

குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் திருமறையின் 106-ஆவது அத்தியாயம் குறிப்பிடுவதை நாம் அறிவோம். அவ்வத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஈலாஃப்’ என்னும் சொல்லுக்கு, வணிகக் கூட்டங்கள் அச்சமின்றிச் சென்று வருவதற்காகச் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். பெருமானார் (ஸல்) அவர்களின் பாட்டனாருக்குத் தந்தையான ஹாஷிம், ஷாம் நாட்டிற்குச் செல்ல ரோம ஆட்சியாளரிடம் உறுதி பெற்றார் என்றும், அவருடைய உடன்பிறந்தார் மூவரும் அபிசீனியா, யமன், ஈராக் ஆகிய திசைகளுக்கு அத்தகைய உறுதிகளைப் பெற்றனர் என்றும் பண்டைய அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

இவ்வாறு தம் வணிகர்க்குப் பிற நாடுகளில் பாதுகாப்புத் தேடிய மக்காவாசிகள், தம் நகருக்கு வந்த அயலாரை எவ்வாறு நடத்தினர்? இக்கேள்விக்கு விடையாக அமைந்தது ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்னும் உடன்படிக்கை. யமன் நாட்டிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம், மக்காவின் செல்வாக்கு மிக்க தலைவர்களுள் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தார். வந்தவருக்கு அவ்வூரில் குலமில்லை, கேட்பாருமில்லை. அவர் அபூகுபைஸ் மலைமீதேறி நின்று தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கூவி முறையிட்டார். அதைக் கேட்டு மனம் பொறாத குலத்தலைவர் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் அவர் பக்கமே நிற்போம் என்று உறுதி பூண்டனர். பின்னர் ஆஸிடம் சென்று அவ்வணிகருக்குச் சேர வேண்டியதை மீட்டுக் கொடுத்தனர்.

நபித்துவத்திற்கு முன்னர் இளைஞராக அக்கூட்டத்தில் கலந்துகொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அதனைப் போற்றிப் பேசினார்கள். அத்தகைய உடன்படிக்கைக்கு இப்போது அழைக்கப்பட்டாலும் இசைவேன் என்றார்கள். வந்தேறிய வணிகனுக்கு நீதி கிடைக்கச் செய்வது விருந்தோம்பலினும் மேலான கடமை என்னும் கருத்து நம் மார்க்க மரபில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இதுவே சான்று.

அமானும் ஃபுந்துக்கும்

புகலிடம் வேண்டி வருபவர் மாற்று மார்க்கத்தவரே ஆயினும், அவருக்குப் புகலளித்து, அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்க்குமாறு திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் பணிக்கின்றது. இதன் அடிப்படையில் மார்க்கச் சட்ட அறிஞர்கள் ‘அமான்’ என்னும் விரிவான சட்டப் பகுதியை வகுத்தனர். அமான் பெற்று வரும் அயல்நாட்டு வணிகருடைய உயிருக்கும் பொருளுக்கும் அரசு பொறுப்பாகும். அவர் ஓராண்டுக்கு உட்பட்ட காலம் தங்கி வணிகம் செய்யலாம். ஜிஸ்யா வரி அவர்மீது விழாது என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து.

சட்டத்தில் இருந்த இப்பாதுகாப்புக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் உருக்கொடுத்தது ‘ஃபுந்துக்’ என்னும் விடுதி. யாவரையும் ஏற்கும் இடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அரபியில் ஃபுந்துக் ஆயிற்று. அங்கிருந்து இத்தாலிய மொழிக்குச் சென்று ஃபொந்தாக்கோ என வழங்கலாயிற்று. நடுவில் முற்றம், கீழ்த்தளத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கிகள், மேல்தளத்தில் தங்கும் அறைகள், தெருவை நோக்கி வலிய கதவு. அலெக்சாந்திரியாவில் வெனிசு, ஜெனோவா, பீசா நகரத்தாருக்குத் தனித்தனி ஃபுந்துக்குகள் இருந்தன. சிலுவைப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1173-இல், சுல்தான் சலாஹுத்தீன் பீசா நகரத்தாருடன் வணிக உடன்படிக்கை செய்துகொண்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. விடுதிக்குள் அவர்கள் தம் வழிபாட்டையும் உணவு முறையையும் பின்பற்றலாம். அவர்களுடைய தலைவரான கான்சல் அவர்கள் வழக்குகளைத் தீர்ப்பார். சுல்தானிடம் அவர்கள் சார்பில் பேசுவார். பிற்கால மம்லூக்கு சுல்தான்கள் வெனிசு கான்சலுக்குத் தம் கருவூலத்திலிருந்தே உதவித்தொகை வழங்கினர்.

இச்சலுகைகளோடு கட்டுப்பாடும் இருந்தது. இரவிலும் ஜும்ஆத் தொழுகை நேரத்திலும் ஃபுந்துக்கின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டன. நாட்டவர் ஒருவர் குற்றமிழைத்தால் கான்சலே பிணையாக நிறுத்தப்படுவதும் உண்டு. பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே கதவின் இரு பக்கங்களாக இருந்தன.

இம்முறையை வெனிசு நகரத்தார் தம் ஊரிலும் கையாண்டனர். ஜெர்மானிய வணிகர்க்கென 13-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு ஒரு ஃபொந்தாக்கோ எழுந்தது. 1621-இல் உதுமானிய முஸ்லிம் வணிகர்க்கெனப் பெருங்கால்வாய்க் கரையிலிருந்த ஒரு மாளிகை ஒதுக்கப்பட்டது. அதற்குள் தொழுமிடமும் குளியலறையும் இருந்தன. ஆயுதம் உள்ளே வரலாகாது. கதவு அந்தியில் மூடப்படும். 1838 வரை அம்மாளிகை அப்பணியைச் செய்து வந்தது. இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

வக்கீலும் விருந்தோம்பியும்

விடுதி மட்டும் போதுமா? வணிகனுக்கு ஊர் அறிந்த மனிதரின் துணையும் வேண்டும். அரபு உலகின் துறைமுகங்களில் ‘வக்கீலுத் துஜ்ஜார்’, அதாவது வணிகர்களின் வக்கீல் என்னும் பதவியினர் இருந்தனர். வராதவர் சார்பில் சரக்கைப் பெற்றுக்கொள்வது, பண்டசாலையில் வைத்துக் காப்பது, சுங்கம் செலுத்துவது, நல்ல விலைக்கு விற்பது, கடன்களை வசூலிப்பது, வழக்கு நேர்ந்தால் காளியின் முன் நிற்பது ஆகிய அனைத்தும் அவர் பணி. கெய்ரோ நகரின் யூத ஆலயமொன்றில் கிடைத்த கெனிசா ஏடுகள் இதனை விரிவாகக் காட்டுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் ஏடன் துறைமுகத்தில் மத்மூன் இப்னு ஹஸன் என்னும் யூதப் பெருமகனார் இப்பதவியிலிருந்தார். மங்களூரில் பதினாறு, பதினேழு ஆண்டுகள் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூவுக்கு அவர் எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. மங்களூரிலிருந்து வந்த மிளகும் இரும்பும் ஏடனில் மத்மூனின் கையால் விலைபோயின. முஸ்லிம் ஆட்சியிலிருந்த துறைமுகத்தில் ஒரு யூதர் வணிகர்களின் பொது நம்பிக்கைக்குரியவராக விளங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆப்பிரிக்கக் கரையில் இதே பணியை ஊர் வழக்கமே செய்தது. 1331 அளவில் மொகதிஷு சென்ற இப்னு பதூத்தா அங்கு கண்டதை எழுதியுள்ளார். கப்பல் வந்து நின்றதும் ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் உணவுத் தட்டுகளை ஏந்திச் செல்வர். ஒவ்வொருவரும் ஒரு வணிகரைத் தம் விருந்தாளியாக ஏற்பர். அதன்பின் அவ்வணிகர் அந்த வீட்டில்தான் தங்குவார். அவர் சார்பில் விற்பதும் வாங்குவதும் அவ்வீட்டாரே. விருந்தோம்புபவர் அறியாமல் அவ்வணிகருக்கு யாரேனும் சரக்கு விற்றாலோ, அவர் சரக்கை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினாலோ அவ்வணிகம் செல்லாது. ஏமாற்றுவோரிடமிருந்து புதியவரைக் காப்பதற்கு இதனினும் எளிய முறை வேறு உண்டோ?

சீனத்தில் அரசே இதனைச் செய்தது. 851-இல் எழுதப்பட்ட அரபு நூலொன்று, கான்ஃபூ என்று அரபியர் அழைத்த குவாங்ஜோ நகரில் முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்க ஒரு முஸ்லிமையே சீன ஆட்சியாளர் நியமித்திருந்தார் என்றும், பெருநாள் தொழுகையை அவரே முன்னின்று நடத்தினார் என்றும் கூறுகின்றது. ஆயின் அந்த ஏற்பாடு அரசு நிலைத்திருக்கும் வரையில்தான் நின்றது. 878-79 அளவில் ஹுவாங் சாவோவின் கலகப் படை அந்நகரைக் கைப்பற்றியபோது அயல்நாட்டு வணிகர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். எழுதிக் கொடுத்த உறுதியைக் காக்க வலிமையுள்ள அரசு வேண்டும் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி கற்பித்தது.

அஞ்சுவண்ணமும் காயலும்

இனி நம் கரைக்கு வருவோம். 849-இல் வேணாட்டு ஐயனடிகள் கொல்லத்தில் வழங்கிய செப்பேடுகள் இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். மார் சபீர் ஈசோ நிறுவிய தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவ ஆலயத்திற்கு அவை உரிமைகளை வழங்குகின்றன. அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சாட்சிகளின் கையொப்பங்கள் அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் உள்ளன. முஸ்லிம், பார்சி, யூதர் ஆகியோர் ஒரு கிறித்தவ ஆலயத்திற்குச் சான்றுரைக்க, ஓர் இந்து மன்னரின் ஆளுநர் தமிழ் வழக்கில் எழுதுவித்த ஆவணம் அது!

அஞ்சுவண்ணம் என்பது கூட்டம் எனப் பொருள்படும் ‘அஞ்சுமன்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மேற்கு ஆசியாவிலிருந்து வந்த பல சமயத்தாரும் தொடக்கத்தில் இதில் இருந்தனர். காலப்போக்கில் தமிழகக் கரையில் அது முஸ்லிம் வணிகரையே குறிக்கலாயிற்று. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் தொன்மையான நூல்களுள் ஒன்றாகிய பல்சந்தமாலையின் எஞ்சிய செய்யுட்களிலும் அஞ்சுவண்ணம் பேசப்படுகின்றது. தீத்தாண்டதானபுரத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அதனைப் பிற வணிகக் குழுக்களோடு சேர்த்துக் குறிப்பிடுகின்றது. புதிதாக வந்திறங்கும் வணிகன் தனியொருவனாக அரசன் முன் நிற்க வேண்டியதில்லை. அவனுக்காகப் பேச ஒரு சபை இருந்தது.

கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கு அரசனுக்கே சொந்தம் என்னும் கொடிய வழக்கம் அக்காலத்தில் பல இடங்களில் நிலவியது. காகதிய மன்னர் கணபதிதேவர் 1244-45 அளவில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஓர் அபய சாசனம் பொறித்து அதனைக் கைவிட்டார். முப்பதில் ஒரு பங்கு சுங்கம் தவிர வேறெதுவும் கொள்ளேன் என்று கடல் வணிகர்க்கு அவர் உறுதியளித்தார். 1442-43 அளவில் கள்ளிக்கோட்டைக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸ்ஸாக், அங்கும் ஒதுங்கிய கப்பல்கள் கொள்ளையிடப்படுவதில்லை என்றும், விற்ற சரக்குக்கு நாற்பதில் ஒரு பங்கே சுங்கம் என்றும், விற்காததற்கு ஏதுமில்லை என்றும் வியந்து எழுதினார்.

காயல் துறைமுகத்தின் கதை இன்னும் வியப்புக்குரியது. கீஷ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், பாண்டிய மன்னருக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் அந்த விலை உண்டு! கடலின் ஆபத்தை விற்பவர் தலையிலிருந்து இறக்கி வாங்குபவரின் கருவூலத்தில் ஏற்றிய ஏற்பாடு இது. இன்று ஏற்றுமதிக் காப்புறுதி எனப்படுவதன் கருவை இங்கே காணலாம்.

ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியர் அவையில் அமைச்சராக இருந்தார். காயல் முதலிய துறைமுகங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. விற்பவரின் தம்பியே வாங்குபவரின் அமைச்சர்! தகியுத்தீனின் திறமையை வஸ்ஸாஃப் புகழ்கின்றார். ஆயினும் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தது குடிகளின் வரிப்பணம் அல்லவா? வந்தவருக்கு அளிக்கும் உறுதியின் சுமை யார் தலையில் விழுகின்றது என்று கேட்பதும் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

மலாக்காவின் நான்கு ஷாபந்தர்கள்

பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்கா இத்தகைய அமைப்புகளின் முதிர்ந்த வடிவத்தைக் காட்டிற்று. போர்த்துகீசியர் தோமே பிரெஸ் எழுதிய குறிப்புகளின்படி, அங்கு நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழகக் கரையினரான கிளிங்கர், வங்காளத்தார், பெகுவினர், பாசையர் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலிய கீழ்த்திசையாருக்கு ஒருவர். தம் பிரிவைச் சேர்ந்த கப்பல் வந்ததும் ஷாபந்தர் அதன் தலைவரைப் பெந்தஹாராவிடம் அழைத்துச் செல்வார். தங்குமிடமும் பண்டசாலையும் ஏற்பாடு செய்வார். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு வரி. சரக்கை மதிப்பிடும் குழுவில் வணிகர் பதின்மர் அமர்ந்தனர். அவர்களில் ஐவர் கிளிங்கர், ஐவர் பிற நாட்டார். இவ்வளவு ஒழுங்கு நிலவிய நகரம் 1511-இல் போர்த்துகீசியர் பீரங்கிக்கு இரையாயிற்று.

எனினும் வழக்கம் அழியவில்லை. பினாங்கில் குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் தலைவர் ‘கப்பித்தான் கிளிங்’ என அழைக்கப்பட்டார். அப்பதவியிலிருந்த காதிர் முஹ்யித்தீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. சிங்கப்பூரில் நகரத்தார் கிட்டங்கிகள் தொழிலகமாகவும் தங்குமிடமாகவும் விளங்கியதும் இம்மரபின் தொடர்ச்சியே.

விருந்தாளி எசமானனான கதை

விருந்தாளிக்கு அளித்த சலுகை வீட்டாரின் உரிமையைப் பறித்த வரலாறும் உண்டு. உதுமானிய சுல்தான்கள் தம் வலிமை மிக்க காலத்தில், 1569-இல் பிரெஞ்சுக்காரர்க்கும் பின்னர் ஆங்கிலேயர்க்கும் பெருந்தன்மையுடன் ‘இம்தியாஸாத்’ என்னும் சிறப்புரிமைகளை வழங்கினர். அரசு மெலிந்த 19-ஆம் நூற்றாண்டில் அவ்வுரிமைகளே விலங்காயின. அயல்நாட்டார் உள்ளூர் நீதிமன்றத்திற்குக் கட்டுப்பட மறுத்தனர். அந்நியக் கான்சல்களின் ஆதரவைப் பெற்றவர்கள் குறைந்த வரி செலுத்த, மற்ற உள்நாட்டு வணிகர் நலிந்தனர். 1914-இல் உதுமானிய அரசு அவற்றை ஒழித்தது. 1923-இல் லோசான் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. எகிப்து 1937 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. முகலாய மன்னர் ஃபரூக்சியர் 1717-இல் வழங்கிய ஃபர்மானின்படி, ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் சுங்கமின்றி வணிகம் செய்தது. கம்பெனி ஊழியர்கள் தம் சொந்த வணிகத்திற்கும் அச்சலுகைச் சீட்டைப் பயன்படுத்தினர். நவாபு மீர் காசிம் 1763-இல், அப்படியானால் என் குடிகளும் சுங்கம் கொடுக்க வேண்டாம் என்று அனைவருக்கும் உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கினார். வந்தவனும் இருந்தவனும் சமமாக வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்தச் சமத்துவத்தையே கம்பெனி பொறுக்கவில்லை. போர் மூண்டது. 1764-இல் பக்சாரில் நவாபின் அணி தோற்றது. 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையே கம்பெனியின் கைக்குப் போயிற்று.

இன்றைய நிலை

ஃபுந்துக்கும் ஷாபந்தரும் மறைந்தாலும் அவர்கள் செய்த பணி மறையவில்லை. 1599-இல் பிரான்சின் மார்செய் நகரில் உருவான வணிகர் சபை முதல், இக்கால நிறுவனங்கள் வரை அது தொடர்கின்றது. ஜப்பான் 1958-இல் ஜெட்ரோ என்னும் அமைப்பையும், தென்கொரியா 1962-இல் கோட்ரா என்னும் அமைப்பையும் தோற்றுவித்தன. தம் நாட்டார் பிற நாடுகளில் சந்தை தேடுவதற்கு இவை கண்ணும் காதுமாக விளங்கின. பின்னர் பிற நாட்டு முதலைத் தம் நாட்டிற்கு அழைக்கும் பணியையும் மேற்கொண்டன. சிங்கப்பூர் 1961-இல் அமைத்த பொருளாதார வளர்ச்சிக் கழகம் அந்நிய முதலீட்டாளரை வரவேற்பதில் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இப்பணிக்கென 1992-இல் வழிகாட்டி நிறுவனம் ஏற்பட்டது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் குடும்பத்தைச் சேர்ந்த முதலீட்டு, ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கழகம் 1994-இல் ஜித்தாவில் நிறுவப்பட்டது. காயலில் பாண்டியர் ஏற்ற சுமையை, இன்று ஷரீஅத்திற்கு இயைந்த முறையில் பல நாடுகள் பகிர்ந்து சுமக்கின்றன எனலாம்.

நம் குடும்பங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு சொல்லைக் கூறி இதனை முடிப்பது பொருத்தம். ‘கஃபீல்’ என்னும் சொல்லை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு இல்லை. ஃபிக்ஹுச் சட்டத்தில் கஃபீல் என்பவர் பிறருக்காகப் பிணை ஏற்பவர். மற்றவருடைய கடனுக்கும் கடமைக்கும் தம் தலையைக் கொடுப்பவர். மொகதிஷுவின் விருந்தோம்பியும் ஏடனின் வக்கீலும் அத்தகையோரே. வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகிய காலத்தில் அச்சொல் வேறு பொருள் கொண்டது. பொறுப்பேற்பவர் என்பது போய், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர், உழைக்காமல் பங்கு பெறுபவர் என்னும் பொருளைச் சிலர் அதற்குத் தேடித் தந்தனர். நல்ல கஃபீல்கள் பலர் இருந்தனர் என்பதும் உண்மை. இல்லையேல் நம்மவர் பலர் அங்கே கடை வைத்திருக்கவே முடியாது. இப்போது சட்டங்கள் மாறி வருகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021 முதல் பெரும்பாலான தொழில்களில் உள்நாட்டுப் பங்காளி இன்றியே அயல்நாட்டார் முழு உரிமையுடன் நிறுவனம் அமைக்கலாம். ஆயினும் சட்டம் அறியாத சிறு வணிகர்க்கு அதனை எடுத்துரைத்து, கையெழுத்திடும் முன் காகிதத்தைப் படித்துக் காட்டும் துணை இன்றும் தேவைப்படுகின்றது.

அத்துணையை அரசுகளிடம் மட்டுமே எதிர்பார்த்திருக்க வேண்டுமா? அஞ்சுவண்ணத்தை அமைத்தவர்கள் மன்னர்கள் அல்லர், வணிகர்களே. நம் ஊர் ஜமாஅத்துகளும் வெளிநாடுகளில் இயங்கும் நம்மவர் சங்கங்களும் இஃப்தார் விருந்துகளோடு நின்றுவிடாமல், புதிதாகத் தொழில் தொடங்கச் செல்லும் இளைஞனுக்கு அந்நாட்டுச் சட்டமும், நம்பத்தக்க கணக்கரும், வழக்கறிஞரும் கிடைக்க வழி செய்யலாம். அதுபோலவே நம் ஊர்ச் சந்தைக்குப் பிழைக்க வரும் பிற மாநிலத்தவனுக்குக் கூலியோ விலையோ மறுக்கப்படும்போது அவனுக்காக வாய் திறப்பவர் நம்மில் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அபூகுபைஸ் மலைமீது நின்று கூவிய அந்த யமன் வணிகர், தமக்குத் தெரிந்தவர் எவருமில்லாத ஊரில்தான் நீதி கேட்டார், நீதி பெற்றார்.